நெடுந்தீவு மட்டக்குதிரைகள்

தமிழ் வேந்தர்க்குக் குதிரைகள் கடல்வழியே வந்தமையைப் பட்டினப்பாலை கூறும். 13ஆம் நூற்றாண்டிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபுக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான புரவிகள் அங்கு வந்திறங்கின என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பல மடிந்தன என்றும் எழுதியுள்ளார். அத்தகைய வெப்பநிலத்தின் அயலிலேயே, பேணுவோர் இன்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குதிரைகள் உள. அவையே ஈழத்து நெடுந்தீவின் மட்டக்குதிரைகள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவு, முருகைக்கல்லாலான தட்டை நிலமாகும். புல்வெளி பரந்து, கடலே வேலியாய் அமைந்தமையால் குதிரை வளர்ப்புக்கு இது ஏற்றதாயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் இங்குக் குதிரைகள் கொண்டுவரப்பட்டன என்பர். ஒல்லாந்தர் வளர்ப்பைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஐரிசு அதிகாரி அதனை மேற்பார்த்தார். பின்னர் ஆங்கிலேயர் அப்பணியைக் கைவிடவே, எஞ்சிய குதிரைகள் காட்டுநிலை எய்தின. பழைய இலாயத்தின் கற்றூண்கள் இன்றும் காணப்படுகின்றன.

இக்குதிரைகள் உருவிற் சிறியன. பெரும்பாலும் கபில நிறத்தன. சிறு கூட்டங்களாகத் திரிவன. உவர்நிலப் புல்லை மேய்ந்து உயிர்வாழும் உரம் இவற்றின் சிறப்பியல்பாகும்.

2015ஆம் ஆண்டிலே தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும், கோடையிற் குளங்கள் வற்றுங்கால் நீரின்றிக் குதிரைகள் மடிவதுண்டு. வெப்பத்தையும் வறிய மேய்ச்சலையும் வென்ற இவ்வினம் நிலைபெறுவதற்கு, மாரிமழை வரும்வரை அருந்த நீர் கிடைத்தல் இன்றியமையாதது.