தவணை வாங்க வருபவரே பழுதும் பார்ப்பார்

ஏழை வீட்டுக்குச் சோலார் விளக்கு எட்டாமல் போவதற்கு விலை மட்டுமே காரணமல்ல. மண்ணெண்ணெயைக் கால் லிட்டர், அரை லிட்டர் என்று வாங்கலாம். கையில் காசில்லாத அன்று வாங்காமல் இருக்கலாம். சோலார் தகடோ பல ஆண்டு வெளிச்சத்துக்கான பணத்தை முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்கிறது. கடன் கேட்டுப் போனால் வங்கி ஈடு கேட்கும். எப்படியோ வாங்கி மாட்டினாலும், பேட்டரி படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்று சிக்கலையும் சேர்த்தே அவிழ்க்க முயன்ற நாடு வங்கதேசம்.

அங்கே மின்கம்பி போகாத ஊர்களிலும் தொண்டு நிறுவனங்களின் கடன் குழுக்கள் இருந்தன. எந்த வீட்டில் என்ன வருமானம், எந்த மாதம் கை வறளும் என்பது அவற்றின் ஊழியர்களுக்கு அத்துப்படி. 2003இல் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம், உலக வங்கியின் ஆதரவோடு வீட்டு சோலார் திட்டத்தைத் தொடங்கியபோது, விற்பனையை இந்தத் தொண்டு நிறுவனங்களிடமே விட்டது. கிராமீன் சக்தி, பிராக் எனத் தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் காலப்போக்கில் சேர்ந்தன.

பணம் போன வழி இது. குடும்பம் விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முன்பணமாகக் கட்டும். மீதியை அமைப்பு கடனாகத் தரும். ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தவணை. தகடு மாட்டியாயிற்றா என்று இட்கால் ஆட்கள் நேரில் பார்த்த பிறகு, அந்தக் கடனின் பெரும்பகுதியைக் குறைந்த வட்டிக் கடனாக அமைப்புக்குக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் அடுத்த வீடு.

மாதத் தவணை வாங்க வரும் ஊழியர்தான் பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்ப்பார். என் பார்வையில் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருந்தது. விளக்கு எரியாத வீட்டில் தவணை கேட்க முடியாது. ஆகவே பழுதைச் சரிசெய்வது அமைப்புக்கே அவசரமாகிவிடும். இந்தக் கட்டாயம் இல்லாத எத்தனையோ இலவசத் திட்டங்களில், தகடு மாட்டிய ஒப்பந்தக்காரர் மறுபடி அந்த ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

2018க்குள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தகடுகள் ஏறின. சுமார் இரண்டு கோடிப் பேருக்கு வெளிச்சம் கிடைத்தது. ஆனாலும் அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த முன்பணமே மலையாக நின்றது. தொடக்கத்தில் வாங்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்தின் ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள்தாம். எல்இடி விளக்குகள் வந்து, சின்னத் தகடே போதும் என்றான பிறகுதான் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

தவணையின் அளவைப் போலவே அதன் இடைவெளியும் முக்கியம். 1995இல் ஹரீஷ் ஹண்டே பிறருடன் இணைந்து கர்நாடகத்தில் தொடங்கிய செல்கோ என்ற சோலார் நிறுவனம் இதைக் கவனமாகக் கையாண்டது. நெல் விற்பவருக்கு அறுவடைக்குப் பிறகுதான் காசு; தள்ளுவண்டிக்காரருக்குத் தினமும் கொஞ்சம். வண்டிக்காரரிடம் மாதத் தொகையை மொத்தமாகக் கேட்டால் திணறுவார், அதையே நாளுக்குச் சில ரூபாயாகக் கேட்டால் கட்டிவிடுவார். கிராம வங்கிகளோடும் சுயஉதவிக் குழுக்களோடும் பேசி, தவணையை இப்படி வருமானத்தின் போக்குக்கு வளைத்தது அந்நிறுவனம். வட்டியைக் குறைப்பதைவிடப் பல வீடுகளுக்கு இதுதான் பெரிய உதவி.

வங்கதேசத் திட்டம் சரிந்த விதமும் தெரிந்திருக்க வேண்டும். மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக ஊர்களுக்குள் வந்தது. அதே காலத்தில் நிவாரணத் திட்டங்களின் வழியாக அரசே சோலார் தகடுகளை இலவசமாகக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைத்ததற்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று மக்கள் நினைத்ததில் தவறில்லை. தவணைகள் நின்றன, இட்காலுக்குக் கடன் திருப்ப வேண்டிய அமைப்புகள் நடுவில் மாட்டிக்கொண்டன. எந்த ஊருக்கு எப்போது கம்பி வரும், எங்கே இலவசமாகக் கொடுக்கப் போகிறோம் என்பதை அரசு முன்கூட்டியே அந்த அமைப்புகளிடம் சொல்லியிருந்தால், அந்த ஊர்களில் புதுக் கடன் கொடுப்பதையாவது அவை நிறுத்தியிருக்கும்.