மணமாய்ப் பறப்பதும் பாலாய் உறைவதும்

மாத்தளை மாவட்டத்தில் மிளகும் விளைகிறது, இறப்பரும் விளைகிறது. மிளகுக்கொடிக்கும் இறப்பர் மரத்துக்கும் உறவு உண்டென்றால் நம்புவோர் சிலரே. ஆயினும், மிளகின் மணத்தையும் மரத்தின் பாலையும் இரசாயனவியலார் ஆராய்ந்து கண்ட உறவு என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது.

1860ஆம் ஆண்டில் கிரெவில் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இறப்பரைச் சூடாக்கி வடித்து, எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தைப் பெற்றார். அதற்கு இசோபிரீன் என்று பெயரிட்டார். ஐந்து காபன் அணுக்களும் எட்டு ஐதரசன் அணுக்களும் கொண்ட சிறு மூலக்கூறு அது. இதனை ஒரு செங்கல் என்று கொள்வோம். செங்கல் இரண்டு சேர்ந்தால் இலிமோனீன். மூன்று சேர்ந்தால் கரியோபிலீன். இவ்விரண்டும் மிளகின் மணத்தில் உள்ளவை. ஆயிரக்கணக்கில் ஒரே சங்கிலியாகக் கோத்தால் இறப்பர்! செடிகள் இசோபிரீனை நேராக எடுத்துக் கோப்பதில்லை. பொசுபேற்றுச் சேர்ந்த அதன் உறவுப் பொருளையே கோக்கின்றன. எனினும் கட்டடத்தின் அமைப்பு இதுவே.

இறப்பர் நீண்ட சங்கிலி என்பதை அறிஞர் பலர் முதலில் ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகளின் திரள் என்றே கருதினர். 1920இல் ஜேர்மனிய அறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் சங்கிலிக் கொள்கையை வெளியிட்டார். அதன் மெய்ம்மை நிலைபெற்ற பின், 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. சிறு மூலக்கூறு காற்றில் பறக்கும். ஆகவேதான் மணம் நம் மூக்கை எட்டுகிறது. ஆனால் பறந்தது மீண்டும் வாராது. மிளகை மிகுந்த சூட்டில் உலர்த்தினாலும், இடித்துத் திறந்து வைத்தாலும் பறிபோவது இம்மணமே. காரம் எஞ்சும்; மணம் எஞ்சாது. வாங்குவோர் மணத்தைக் கொண்டு தரம் பார்க்கும்போது அந்த இழப்பு பயிரிட்டவன் தலையிலேயே விழுகிறது. நீண்ட சங்கிலியான இறப்பரோ பறப்பதில்லை. பின்னிக் கிடந்து, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. அங்கே இடர் வேறு: மழை பெய்தால் பால் வெட்டுவது நின்றுபோகும், தொழிலாளியின் வருவாயும் குறையும்.

மாத்தளைப் பிள்ளைகளுக்கு மூலக்கூற்றுப் பாடம் சொல்லத் தொலைதூரத்து எடுத்துக்காட்டு எதற்கு? பெற்றோர் முற்றத்தில் உலர்த்தும் மிளகையும், விடியலில் சேர்க்கும் பாலையும் காட்டினால் போதும். ஏன் மிளகை மூடி வைக்கவேண்டும் என்பதை அப்பிள்ளை வீட்டில் எடுத்துச் சொல்லும். அன்றே பாடம் பயன் தரத் தொடங்கும்.