நீர் ஏறாத திருமேனி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவு. அதில் பக்கம்பக்கமாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். நீர் விஷயத்தில் மட்டும் இரண்டும் நேரெதிர். திருவானைக்கா அப்புத்தலம், ஜம்புகேஸ்வரரின் கருவறைக்குள்ளேயே நீர் ஊறும். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளுக்கோ நீரால் திருமஞ்சனமே கிடையாது. அதெல்லாம் உற்சவர் நம்பெருமாளுக்கு. மூலவர் சுதையால் ஆனவர் என்பதால் அவருக்குத் தைலக்காப்பு.

சுதைக்கு நீர் ஏன் ஆகாது? சுண்ணாம்புச் சாந்து முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நீரை ஊற்றக்கூட வேண்டாம், ஓரத்தில் தொட்டாலே தானாக மேலேறும். தலைமுடிப் பருமனுள்ள, அதாவது 0.1 மில்லிமீட்டர் துளையில் சுமார் ஒரு அடி ஏறும். துளை அதில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால், கணக்குப்படி ஏறக்கூடிய உயரம் நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. திருச்சி மலைக்கோட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு!

இழுப்பது யார்? மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பு. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின்னும் ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின்னும் இருக்கும். ஒன்றின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். மூலக்கூறை உள்ளே கட்டியிருக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால் வலு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆயுளோ ஒரு நொடியை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் கிடைக்கும் சில துணுக்குகள். அறும், உடனே வேறொன்றைப் பிடிக்கும்.

இந்தச் சில்லறைப் பிடிப்பை எளிதாக நினைக்க வேண்டாம். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, நீரைப் போன்ற அமைப்பும் நீரைவிடக் கூடுதல் எடையும் உள்ள மூலக்கூறு. அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீர் 100 டிகிரிவரை தாக்குப்பிடிக்கிறது. காவிரி ஆவியாகப் பறந்துபோகாமல் ஆறாக ஓடுவது இந்தப் பிடிப்பால்தான்.

சுண்ணாம்பிலும் நேர், எதிர் மின்னேற்றங்கள் உண்டு. நீருக்கு அவை பிடிமானம். பற்றிப் பற்றி ஏறுகிறது. தைலத்தின் நீண்ட கார்பன் சங்கிலிகளில் அப்படிப் பிடிக்க அனேகமாக எதுவுமில்லை.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்போம். அபாண்டம். அவற்றுக்கிடையேயும் மெல்லிய ஈர்ப்பு உண்டு. ஆனால் எண்ணெயோடு கலக்க வேண்டுமானால் நீர் தன் கூட்டத்தின் கையை விட வேண்டும். விடாது. முத்துமுத்தாகத் திரண்டு ஒதுங்கும். தைலம் படிந்த சுதையில் நீர் ஏறும் வழி அடைபடுகிறது. மூலக்கூறு என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதைக் கண்டுகொண்டவர்களை என்னவென்று மெச்சுவது!

தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் இதற்கு மறுகோடி. பந்துபோன்ற அதன் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதில்லை, பிடி தளர்வு. அதனால் உருகாமலே திண்மத்திலிருந்து நேரே காற்றில் கலக்கின்றன. மூடி திறந்த டப்பா காலியாவது இப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிடியை ஒளியைக் கொண்டு அறியலாம். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு துளி, அதன் அதிர்வுக்கேற்ப நிறம் மாறும். நீராவியில் மூலக்கூறுகள் தனித்தனி. நிறமாலையில் கூரிய கோடு விழும். திரவ நீரில் பக்கத்து மூலக்கூறுகள் பிடித்திழுப்பதால் அந்தக் கோடு இடம் நகர்ந்து, அகன்ற பட்டையாகிவிடும். இந்தச் சிதறலை 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தவர் சி.வி. ராமன். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவில்.