உயிருக்கு விலை உண்டோ? விபத்தும் நட்டஈடும் பற்றிய சட்டம்

திருவாரூர் வீதியிலே அரசகுமாரனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்றொன்று மாண்டதும், தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டதும், மனுநீதிகண்ட சோழன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டதும் நாம் இளமையிலே கற்ற வரலாறு. அறநெறி நோக்கில் அது செங்கோன்மையின் சிறப்பை உணர்த்துவது. சட்ட நோக்கிற் பார்ப்பின், வீதி விபத்தினால் நேர்ந்த மரணம் பற்றிய முறைப்பாடு அது. தவறு யாருடையது? முறையிடும் உரிமை யாருக்குண்டு? இழக்கப்பட்டது எது? அதற்கு ஈடு யாது? இந்நான்கு வினாக்களே இன்றும் எமது மாவட்ட நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளில் எழுவன. எமது கல்லூரியிற் பயின்று சட்டத்துறை புகுந்த அன்பர்கள் இவற்றை நன்கறிவர். ஏனைய அன்பர்களின் பொருட்டே ஈண்டுச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்குச் சொத்துரிமை பற்றித் தேசவழமை உண்டு. ஆயின், ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் தீங்கு பற்றிய சட்டம் இலங்கையர் யாவருக்கும் பொதுவானது. அது உரோமரிடம் தோன்றி ஒல்லாந்தர் வாயிலாக இங்கு வந்த உரோம-டச்சுச் சட்டமாகும். ஆங்கிலேயர் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பின், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் அச்சட்டம் தொடர்ந்து நிலவ இடமளித்தனர். அதன் வேர் கி.மு. 287 ஆம் ஆண்டளவில் உரோமர் இயற்றிய அக்குவிலியச் சட்டத்தில் உள்ளது. பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன், அதற்கு முந்திய ஓராண்டில் அதற்கிருந்த உயர்ந்த விலையைக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் முதல் விதி. சுதந்திர மனிதனின் உடலை விலை மதித்தல் தகாது என்பது உரோம சட்ட அறிஞரின் கொள்கை. மனிதனின் மாண்பு கருதி எழுந்த கொள்கையே அது. ஆயினும் அதனால் விளைந்த பயன் விபரீதமானது: எருது மாண்டால் உடையவனுக்கு ஈடு உண்டு; மகன் மாண்டால் தந்தைக்கு ஈடில்லை.

ஒல்லாந்த அறிஞர் இக்குறையை ஓரளவு நீக்கினர். குரோசியசு என்பார் 1631 இல் வெளிவந்த தமது நூலிலே, கொலையுண்டவனின் உழைப்பினால் வாழ்ந்த மனைவி மக்களுக்குக் கொன்றவன் ஈடு செய்தல் வேண்டும் என்றார். ஆங்கிலப் பொதுச் சட்டமோ, மனிதனொருவனின் மரணத்தைக் குடியியல் மன்றிலே முறையிட இடமில்லை என்று 1808 ஆம் ஆண்டிற் கூடத் தீர்ப்பளித்தது. 1846 ஆம் ஆண்டிலேயே அங்குப் பாராளுமன்றம் தனிச் சட்டத்தினால் இதனை மாற்றியது.

நட்டஈடு கோருபவர் நிறுவவேண்டியவை மூன்று. எதிராளி வேண்டுமென்றோ கவலையீனமாகவோ தவறிழைத்தார் என்பது ஒன்று. அத்தவறே காயத்தை அல்லது மரணத்தை விளைத்தது என்பது மற்றொன்று. அதனால் இன்ன இழப்பு நேர்ந்தது என்பது மூன்றாவது. தொழிலின்போது சாரதி இழைத்த கவலையீனத்துக்கு அவரை வேலைக்கமர்த்திய முதலாளியும் பொறுப்பாளியாவார். நீதவான் மன்றிலே பொலிசார் தொடுக்கும் குற்றவியல் வழக்கு வேறு. நட்டஈட்டு வழக்கு வேறு. முன்னதில் குற்றம் நியாயமான ஐயத்துக்கு அப்பால் எண்பிக்கப்படல் வேண்டும். பின்னதில் எது கூடிய நிகழ்தகவுடையது என்று காட்டினாற் போதும். ஆதலின், முன்னதில் எதிரி விடுதலை பெற்றார் என்பதனால் மட்டும் பின்னது அற்றுப்போவதில்லை.

காயமுற்றவர் உயிருடன் இருப்பின், வைத்தியச் செலவு, இழந்த சம்பாத்தியம், இனி இழக்கப்போகும் சம்பாத்தியம் என்பவற்றோடு, பட்ட வேதனைக்கும் உடற்குறைக்கும் ஈடு கோரலாம். மரணம் நேர்ந்தவிடத்து வழக்கின் இயல்பு மாறுகின்றது. இங்கு வழக்காடுவோர் இறந்தவரின் உழைப்பிலே வாழ்ந்தோர். அவர்கள் கோருவது தமது சொந்த இழப்பை. இறந்தவர் எவ்வளவு சம்பாதித்தார், தமக்கெனச் செலவிட்டது போகக் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தார், இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைத்திருப்பார் என்பவற்றை ஆராய்ந்து மன்று ஒரு தொகையை மதிப்பிடும். சம்பளப் பற்றுச்சீட்டு உடைய எழுதுவினைஞரின் குடும்பத்துக்கு இது எளிது. தோட்டக்காரர், மீனவர், சிறுகடை வணிகர் ஆகியோரின் குடும்பங்களே கணக்குக் காட்ட இயலாது இடர்ப்படுவன.

இம்முறையிலே பெருங்குறை ஒன்று நெடுங்காலம் இருந்தது. சட்டம் அடுப்பங்கரையின் அரிசியை அளந்தது, துயரை அளக்கவில்லை. இதே சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், 1911 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு மன்று, மனைவியை இழந்த கணவன் இல்லத்திலே அவள் ஆற்றிய உதவியின் பணப்பெறுமதியைக் கோரலாமேயன்றி, அவளது துணையை இழந்தமைக்கு ஈடு கோரலாகாது என்றது. இந்நெறி எமது நாட்டையும் பிணித்தது. பிள்ளையொன்றை இழந்த தந்தையார் வைத்தியக் கவலையீனம் எனக் கூறித் தொடுத்த வழக்கொன்றில், மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கோரிக்கையை முற்றாகத் தள்ளியது. கவலையீனமே மரணத்தை விளைத்தது என்பது நிறுவப்படவில்லை. அன்பும் தோழமையும் இழந்தமைக்கு நட்டஈடு வழங்க எமது சட்டத்தில் இடமில்லை என்பது தீர்ப்பு.

இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். சம்பாதிக்காத சிறு பிள்ளை இறப்பின், பெற்றோரின் பொருளிழப்பு ஈமச் செலவுக்கு மேற் பெரிதாக இராது. மணியசைத்த பசு இம்மன்றுக்கு வந்திருப்பின், கன்று உனக்கு என்ன ஈட்டித் தந்தது என்று கேட்டு அதனைத் திருப்பி அனுப்பியிருப்பர். இக்குறையை நீக்கவே பாராளுமன்றம் 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிற்று. பிறரின் தவறினால் ஒருவர் மரணமுற்றால், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் முதலிய நெருங்கிய உறவினர், அன்பும் பராமரிப்பும் தோழமையும் இழந்தமைக்கு இப்பொழுது ஈடு கோரலாம். துயரைப் பணம் ஆற்றாது. ஆயினும் அத்துயர் இழப்பே என்று சட்டம் ஏற்றமை சிறிதன்று.

வேறு சில மாற்றங்களும் அறியத்தக்கவை. காயமுற்றவரிடமும் ஓரளவு தவறு இருப்பின், 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, அப்பங்குக்கேற்ப நட்டஈடு குறையும். வழக்கு முற்றாக அழியாது. அரச ஊழியர் கடமையின்போது இழைத்த தீங்குக்காக அரசின்மீதே வழக்கிட 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. எனினும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாதலின், சாரதி வறியவர் என்று வழக்கைக் கைவிடுதல் தவறு. ஆனால் காப்புறுதிக் கம்பனிக்கு உரிய காலத்தில் அறிவித்தல் இன்றியமையாதது. வேலைத்தலத்தில் நேர்ந்த விபத்தாயின், முதலாளியின் தவறை நிறுவாமலே ஈடு பெற 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உதவும்.

இவையனைத்திலும் முக்கியமானது காலம். 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். வயதடையாத பிள்ளைகள் போன்றோருக்குச் சில விலக்குகள் உண்டேனும் அவற்றை நம்பியிருத்தல் நன்றன்று. மரணம் நேர்ந்த வீட்டிலே எட்டும் அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் கழிந்து, இனி என் செய்வோம் என்று எண்ணத் தொடங்கும்போது பாதிக் காலம் சென்றுவிடும். அதற்குள் கண்டசாட்சிகளின் நினைவும் மங்கும். சிலர் பிறதேசம் செல்வர்.

ஆதலின், அயலிலே இத்தகைய இடர் நேரும்போது, கற்றோராகிய நாம் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகள், மரண விசாரணை அறிக்கை, வாகனத்தின் இலக்கம், கண்டோரின் பெயர் விலாசம், இறந்தவரின் வருமானம் காட்டும் துண்டுகள் என்பவற்றை ஒரு கோவையில் இட்டுப் பேணச் செய்து, தாமதமின்றிச் சட்டத்தரணி ஒருவரிடம் அக்குடும்பத்தாரை அழைத்துச் செல்லுதலே அது. துக்கம் விசாரிக்கச் செல்வோர் பலர். இக்கோவையைக் கட்டிக் கொடுப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராதல் எம்மனோர்க்குக் கடனாகும்.