இனிப்புக்குள் இறைச்சி எப்படி வந்தது?

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நான் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தேன். புதிய வரி அட்டவணையை விளக்கும்பொருட்டு, ‘சாக்லேட் – 28 சதவீதம், ஸ்வீட்மீட் – 5 சதவீதம்’ என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ‘ஸ்வீட்’ என்றால் இனிப்பு, ‘மீட்’ என்றால் இறைச்சி. இனிப்பில் இறைச்சி ஏது?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பருவம் முடியும்வரை அவர் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. உண்மை என்னவெனில், எனக்கு விடை தெரியாது. அதை மறைக்கவே சிரித்தேன்.

பின்னர்தான் தேடி அறிந்துகொண்டேன். பழைய ஆங்கிலத்தில் ‘மீட்’ என்பதன் முன்வடிவம் பொதுவாக உணவையே குறித்தது. ஆகவே ‘ஸ்வீட்மீட்’ என்றால் இனிப்பான உணவு, அவ்வளவே. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலிய மொழிபெயர்ப்பில், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே, விதை தரும் செடிகளும் கனிகளும் மனிதருக்கு ‘மீட்’ ஆக வழங்கப்படுகின்றன. பாலும் பாலாடைக்கட்டியும் ஒருகாலத்தில் ‘வெள்ளை மீட்’ எனப்பட்டன. தேங்காயின் உள்ளே இருக்கும் பருப்பு ஆங்கிலத்தில் இன்றும் ‘கோகனட் மீட்’தான்.

காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் சுருங்கி, இறைச்சியை மட்டும் சுட்டலாயிற்று. இது நமக்குப் புதியதன்று. பழந்தமிழில் ‘நாற்றம்’ நறுமணத்தையும் குறித்தது. இன்று அது கெட்ட வாடை மட்டுமே. தனிச்சொல் மாறினாலும், கூட்டுச்சொல்லுக்குள் பழைய பொருள் உறைந்து நின்றுவிடுகிறது. ‘ஸ்வீட்மீட்’டில் நடந்தது அதுவே.

பெயரை நம்பினால் மறுபுறமும் ஏமாறலாம். ‘ஸ்வீட்பிரெட்’ என்பது இனிப்பு ரொட்டி அன்று. கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் கழுத்துச் சுரப்பி அல்லது கணையம். மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டியது இதற்குத்தான், ‘ஸ்வீட்மீட்’டுக்கு அன்று.

இங்கிலாந்தில் இன்று இச்சொல் பழமையானதாகிவிட்டது. அன்றாடப் பேச்சில் ‘ஸ்வீட்ஸ்’ என்பதே வழக்கு. இந்திய ஆங்கிலத்தில் மட்டும், நம் லட்டுக்கும் ஜாங்கிரிக்கும் மைசூர்பாகுக்கும் பொதுப்பெயராக அது கடைப் பலகையிலும் வரி அட்டவணையிலும் வாழ்கிறது. அட்டவணையில் ஒரு சொல்லின் பொருள் என்பது பணம். 2017இல் நூறு ரூபாய்ச் சரக்கு ‘ஸ்வீட்மீட்’ எனக் கொள்ளப்பட்டால் வரி ஐந்து ரூபாய். சாக்லேட் எனக் கொள்ளப்பட்டால் இருபத்தெட்டு ரூபாய். சாக்லேட்டுக்கான வரி அவ்வாண்டு நவம்பரில் 18 சதவீதமாகவும், 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகவும் குறைந்த பின்னரே அந்த இடைவெளி மறைந்தது.

ஆக, அந்த மாணவர் கேட்டது வேடிக்கைக் கேள்வி அன்று. சட்டத்தில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்பதே வரியியலின் முதற்பாடம். அதை அவர் செய்தார். ஆசிரியனாகிய நான் செய்யவில்லை. ‘தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறேன்’ என்று அன்று கூறியிருக்க வேண்டும். காலங்கடந்த அந்த விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.