லினக்ஸில் காணாமற்போகும் பகிர்வு நூலகங்கள்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பைத்தானிலிருந்து கையாளப் பரவலாகப் பயன்படும் தொகுதி சைக்கோபிஜி2. அதன் மையப்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சர்வருடன் தொடர்புகொள்ளும் வேலையை அது போஸ்ட்கிரெஸின் சி நூலகமான லிப்பிக்யூவிடம் விட்டுவிடுகிறது. லினக்ஸில் அந்த நூலகம் ‘லிப்பிக்யூ.எஸ்ஓ.5’ என்ற தனிக் கோப்பாக இருக்கும். பல நிரல்கள் ஒரே கோப்பைப் பயன்படுத்துவதால் இது பகிர்வு நூலகம் எனப்படுகிறது.

தொகுதியை இம்போர்ட் செய்யும்போது லினக்ஸின் இணைப்பி இந்தக் கோப்பைத் தேடுகிறது. பொதுவாக எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறி காட்டும் கோப்புறைகள், தொகுதிக்குள் பதிந்துள்ள பாதை, எல்டிகான்ஃபிக் தயாரித்த பட்டியல், இயல்பான நூலகக் கோப்புறைகள் என்ற வரிசையில் தேடல் நடக்கும். எங்கும் கிடைக்காவிட்டால் இம்போர்ட் பிழையோடு நின்றுவிடும். பிழைச் செய்தியிலேயே கோப்பின் பெயர் இருக்கும். தொகுதியின் எஸ்ஓ கோப்பின் மீது எல்டிடி கட்டளையை இயக்கினால், கிடைக்காத நூலகங்கள் அனைத்தும் தெரிந்துவிடும்.

முதல் காரணம், நூலகமே நிறுவப்படாதது. டாக்கரில் ஒரு கட்டத்தில் தொகுதியைத் தொகுத்து, சிறிய இறுதிப் படிமத்துக்கு அதை மட்டும் நகலெடுக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. டெபியன், உபுண்டுவில் லிப்பிக்யூ5 பொதியை நிறுவினால் போதும். டெவ் என்று முடியும் பொதி தொகுக்கும்போது மட்டுமே தேவை.

இரண்டாவது, நூலகம் வேறு கோப்புறையில் இருப்பது. ஈடிசியின் கீழுள்ள ‘எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி’ கோப்புறையில், கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் அந்தப் பாதையை எழுதி, ரூட் உரிமையோடு எல்டிகான்ஃபிக்கை இயக்க வேண்டும். சூழல் மாறியும் உதவும். ஆனால் ஷெல்லில் அமைத்த மாறி க்ரானுக்கும் சிஸ்டம்டி சேவைகளுக்கும் தானாகச் சென்று சேராது.

மூன்றாவது, நூலகத்தின் பதிப்பு மாறியது. எடுத்துக்காட்டாக, மற்றொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் 5.7இன் நூலகப் பெயர் 20 என்ற எண்ணில் முடியும், 8.0இல் அது 21. எண் மாறினால் நூலகத்தின் உள்ளமைப்பு பொருந்தாமல் போகலாம். பழைய பெயரில் புதிய கோப்புக்கு இணைப்பு உருவாக்கினால் பிழைச் செய்தி மறையலாம். ஆனால் நிரல் பாதியில் முறியும் ஆபத்து இருக்கும். பைத்தான் பொதிகளை நிறுவும் பிப்பின் தற்காலிகச் சேமிப்பைத் தவிர்த்து, தொகுதியைப் புதிய நூலகத்தோடு மீண்டும் தொகுப்பதே சரியான தீர்வு.

லிப்பிக்யூவைத் தன்னுள்ளேயே கொண்ட சைக்கோபிஜி2-பைனரி என்ற பொதியும் உண்டு. சோதனைக்கு அது வசதியானது. உண்மையான பயன்பாட்டுக்கு, மூலநிரலிலிருந்து தொகுப்பதையே அந்தத் தொகுதியின் ஆவணம் பரிந்துரைக்கிறது.