ஒட்டகமும் குரங்கும்

விலங்குகளை உயர்ந்தன, தாழ்ந்தன எனத் தரப்படுத்துதல் மக்களிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். மனிதனுக்கு நெருங்கிய இனமாதலாற் குரங்கு உயர்ந்ததென்றும், சுமை தாங்கும் ஒட்டகம் அறிவிற் குறைந்ததென்றும் கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

இவ்விரண்டும் முலையூட்டிகள். மயிர் போர்த்த உடலையுடையன. குட்டிகளைப் பாலூட்டி வளர்ப்பன. ஒட்டகத்தின் நெடிய கழுத்திலும் குரங்கின் குறுகிய கழுத்திலும் உள்ள முள்ளென்புகள் ஏழேயாம். அடிப்படை அமைப்பு ஒன்றாயிருப்பவும், வாழிடம் இவற்றை வெவ்வேறு வழிகளிற் செலுத்திற்று.

பாலைநிலத்தில் அரிதாயுள்ளது நீர். ஒட்டகம் அதனைத் திமிலிற் சேமிக்கின்றது என்பது தவறான எண்ணம், திமிலிலுள்ளது கொழுப்பே. 1953-54இல் நட் சிமித்-நீல்சன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் சகாராவில் நிகழ்த்திய ஆய்வுகள் உண்மையை விளக்கின. நீர் அருந்தாத நாட்களில் ஒட்டகத்தின் உடல்வெப்பம் வைகறையில் ஏறத்தாழ 34 பாகை சதமவளவையாகத் தாழ்ந்து, பிற்பகலில் 40 பாகைக்கு மேல் உயர்கின்றது. பகல்வெப்பத்தை உடலே ஏற்று இரவில் வெளிவிடுதலால், வியர்வையாகச் செலவாகும் நீர் பெரிதும் குறைகின்றது. உடல் நிறையில் நூற்றுக்கு 25 பங்களவு நீரை இழந்தும் அது உயிர் வாழும். நீர் கிடைத்தவழிக் கால் மணி நேரத்துள் ஏறக்குறைய 100 லீற்றர் பருகும்.

மரங்களில் வாழும் குரங்கிற்கோ இடர் வேறு. அடுத்த கிளையின் தூரத்தை முன்னோக்கிய இரு கண்களும் அளந்தறிகின்றன. கிளையை விரல்கள் பற்றுகின்றன. ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகள் நிறவேறுபாட்டாற் பழுத்த கனியையும் அறிவன. இவற்றினும் சிறந்தது கற்கும் ஆற்றல். 1953இல் யப்பானின் கோசிமாத் தீவில், 'இமோ' எனப் பெயரிடப்பட்ட இளம் பெண்குரங்கொன்று மணல் படிந்த வற்றாளைக் கிழங்கை நீரிற் கழுவி உண்டது. அதன் தோழமைக் குரங்குகளும் தாயும் முதலிற் பின்பற்ற, 1962 அளவில் அக்கூட்டத்தின் பெரும்பகுதி அப்பழக்கத்தை மேற்கொண்டது. இலங்கையின் செங்குரங்கும் இவையும் ஒரே சாதியைச் சேர்ந்தன.

ஒட்டகத்தின் திறன் பெரும்பாலும் உடலோடு பிறப்பது. குரங்கின் திறனில் ஒரு பகுதி கூட்டத்திடமிருந்து கற்கப்படுவது. சகாராவிற் கோசிமாக் குரங்கின் அறிவு அதன் தாகத்தைத் தணியாது. அடர்ந்த காட்டில் ஒட்டகத்தின் பொறுமை கனியைப் பறித்துத் தராது. ஆகவே, உயர்வு தாழ்வு என்பன வாழிடத்தை மறந்து கூறும் தீர்ப்புகளேயாம். சீன, மங்கோலியப் பாலைநிலங்களின் இருதிமிற் காட்டொட்டகமும், இலங்கைச் செங்குரங்கும் இன்று அழிவை எதிர்நோக்கி நிற்கின்றன. வாழிடம் அழியின், உடலின் திறனும் அறிவின் திறனும் ஒருங்கே வீணாதல் திண்ணம்.